கூண்டுப்புலி ஏன் உலாத்துகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பெரிய மிருகக்காட்சிசாலை கிடையாது. புலியையும் சிங்கத்தையும் பார்க்க வேண்டுமென்றால் வண்டலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். அப்படிப் போய்வந்தவர்கள் அடுத்த வாரம் நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு என் கிளினிக்குக்கு வரும்போது, ஊசி போட்டு முடித்ததும், "டாக்டரம்மா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். படிப்பு முடித்த புதிதில் நான் இரண்டு வருடம், சர்க்கஸிலிருந்து மீட்ட சிங்கங்கள் இருந்த ஒரு மையத்தில் வேலை பார்த்தேன். அது எங்கள் தெருவுக்கே தெரியும். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

கூண்டில் புலி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தது. உடற்பயிற்சியா?

இல்லை. வீட்டுக்குள் நிம்மதியில்லாமல் நடப்பவரைப் பார்த்து "கூண்டுப்புலி மாதிரி உலாத்துறாரு" என்கிறோம். நம் ஊர்க்காரர்கள் இதை எப்போதோ சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்த முறை பத்து நிமிடம் நின்று பாருங்கள். காட்டில் எல்லையைச் சுற்றிவரும் புலி நடுநடுவே நிற்கும், மோந்து பார்க்கும், மரத்தில் சிறுநீரைப் பீய்ச்சும், நகத்தால் கீறும், காதைத் திருப்பும். உலாத்தும் புலி இதில் எதையும் செய்யாது. அதே தடத்தில் போகும், அதே இடத்தில் திரும்பும், திரும்பும்போது தலையை அதே மாதிரி ஒரு வெட்டு வெட்டும். தரையில் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கும். சில மிருகங்கள் எட்டு போடும். பயனில்லாத ஒரு செயலை மாற்றமே இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதை மருத்துவத்தில் ஸ்டீரியோடைப்பி என்கிறோம்.

நேரத்தையும் கவனியுங்கள். கறி வருவதற்கு முன் அரை மணி நேரம் மட்டும் நடந்தால் நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நாமும் அப்படித்தான் நடக்கிறோம். காப்பாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நின்று பார்க்கிறதா, அதுவும் பரவாயில்லை. கறியைப் போட்ட பிறகும் தலையைத் தூக்காமல் நடந்துகொண்டே இருந்தால்தான் விஷயம் முற்றியிருக்கிறது.

அப்படியென்றால் பைத்தியம் பிடித்துவிட்டதா?

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காது. பைத்தியம் என்று சொல்லிவிட்டால் காரணம் மிருகத்துக்குள் இருப்பதாக ஆகிவிடும், கூண்டைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள். புலியின் மூளை நன்றாகத்தான் இருக்கிறது. தேடு, நட, எல்லையைப் பார், ஒளிந்துகொள் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. செய்வதற்கு இடமில்லை, ஒன்றைச் செய்தாலும் எதுவும் மாறுவதில்லை. அந்த உந்துதல் கால் வழியாக ஓடித் தீர்கிறது. வருடக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே பழக்கமாக ஊறிப்போகும். அப்புறம் காரணம் நீங்கினாலும் நடை மட்டும் மிஞ்சும்.

கட்டிப்போட்ட யானை தலையையும் காலையும் ஆட்டிக்கொண்டே நிற்கும், தெரியுமா? "தாளம் போடுது பாரு" என்று ரசித்துவிட்டுப் போகிறோம். அதுவும் இதே ஜாதிதான்.

எல்லா மிருகமும் ஒரே அளவுக்கு நடக்குமா?

நடக்காது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இருவர் பல நாட்டு மிருகக்காட்சிசாலைத் தகவல்களைத் திரட்டி 2003-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஊனுண்ணிகளில் எந்த இனம் காட்டில் பரந்த நிலத்தில் சுற்றுகிறதோ, அந்த இனம்தான் கூண்டில் அதிகம் உலாத்துகிறது, அதன் குட்டிகள்தான் அதிகம் சாகின்றன என்பது அவர்கள் கண்டது. பனிக்கரடிக்குச் சராசரியாகக் கிடைக்கும் கூண்டு, அது காட்டில் பயன்படுத்தும் குறைந்தபட்ச நிலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதானாம்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். இரை நிறைந்த இந்தியக் காட்டில் ஒரு பெண் புலிக்கு ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர் வேண்டும். மதுரை மாநகராட்சியின் மொத்தப் பரப்பு சுமார் 148 சதுர கிலோமீட்டர். திருப்பரங்குன்றத்திலிருந்து வடக்கே கடைசி வார்டு வரைக்கும் வீடு, கடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் காடாக்கினாலும் ஏழு பெண் புலிகளுக்குத்தான் காணும். ஒரு ஜோடிப் புலிக்கு நம் மிருகக்காட்சிசாலை விதி கேட்கும் குறைந்தபட்சத் திறந்தவெளி 1000 சதுர மீட்டர். மனைக் கணக்கில் சொன்னால் 25 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

சிங்கம் நாள் முழுக்கத் தூங்குகிறதே, மருந்து கொடுத்து வைத்திருக்கிறார்களா?

இல்லை. காட்டுச் சிங்கமும் ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் படுத்துத்தான் கிடக்கும். இதற்காக யாரும் புகார் எழுத வேண்டாம்.

தன் வாலைத் தானே கடித்துத் தின்னும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. சிங்கம், புலி, சிறுத்தை எல்லாவற்றிலும் உண்டு. முதலில் நக்கிக்கொண்டே இருக்கும். பூனைக் குடும்பத்தின் நாக்கு முள்ளு முள்ளாக, அரம் மாதிரி இருக்கும் என்பதால் நக்கிய இடத்தில் மயிர் போய்விடும். பிறகு தோல் போகும். புண் நமைக்கும், நமைத்தால் கடிக்கும், கடித்தால் புண் பெரிதாகும். சில மிருகங்கள் வால் நுனியிலிருந்து எலும்பு எலும்பாகக் கடித்துத் துப்பும். பாதத்தை மெல்லுவது, மயிரைப் பிடுங்குவது, கம்பியில் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குவது எல்லாம் இதில் சேரும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தப்பு செய்கிறார்கள், மருத்துவர்களும் சேர்த்து. "மன அழுத்தம்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். நான் அந்த மையத்தில் கற்றுக்கொண்ட முதல் பாடம், வாலைக் கடிக்கும் மிருகத்துக்கு வாலில் வலி இருக்கிறதா என்று முதலில் பார் என்பதுதான். இரவுக் கூண்டின் தூக்குக் கதவில் வால் மாட்டி நசுங்குவது சாதாரணமாக நடக்கிற விபத்து. மேலே புண் ஆறியிருக்கும், உள்ளே எலும்பு உடைந்து நரம்பு குத்திக்கொண்டிருக்கும். உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, ஆசனவாயை ஒட்டிய சுரப்பி அடைத்துக்கொள்வது, முதுகுத்தண்டுத் தேய்மானம், வயதான மிருகத்தின் மூட்டுவலி என்று பட்டியல் நீளும். நகம் பிடுங்கப்பட்ட மிருகம் பாதத்தைக் கடித்தால் உள்ளே நகத்தின் துணுக்கு மறுபடி முளைத்துக் குத்துகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

சாப்பாடும் காரணமாகலாம். எலும்பில்லாத கறியையே போட்டு வளர்த்த குட்டிக்குச் சுண்ணாம்புச்சத்து இல்லாமல் எலும்பு வளையும், தானாகவே முறியும். வைட்டமின் ஏ குறைந்த சிங்கக்குட்டிக்கு மண்டையோடு தடித்து மூளையை அழுத்தும், தலை ஆடும், நடை தள்ளாடும். பார்ப்பவர்களுக்கு அது "விநோதமான நடத்தை". குட்டி ஈரல் இல்லாமல் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் பெரும்பூனைகளையும் தாக்கும். வலிப்பும் முகத்துடிப்பும் வந்தால் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் பார்த்து ஒன்றுமில்லை என்றான பிறகுதான் தனிமை, பயம், சலிப்பு, தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்துப் புட்டிப்பாலில் வளர்த்தது என்ற பக்கத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். வேறு வேலை இல்லாத மிருகம்தான் சின்ன வலியை நாள் முழுக்க நக்கிக்கொண்டிருக்கும்.

அதற்கு வைத்தியம் என்ன? கட்டு போட முடியுமா?

போடலாம், அதிகபட்சம் ஒரு ராத்திரி இருக்கும். நாய்க்குப் போடுகிற பிளாஸ்டிக் புனலைச் சிங்கத்தின் கழுத்தில் மாட்டினால் அதையும் சேர்த்து மென்றுவிடும். மயக்க ஊசி போட்டுப் புண்ணைச் சுத்தம் செய்து, செத்துப்போன வால் நுனியை வெட்டி எடுப்பதுதான் வழக்கமான அறுவைச் சிகிச்சை. ஆனால் காரணத்தைத் தொடாமல் வாலை மட்டும் வெட்டினால் மிச்ச வாலைக் கடிக்கும். அப்புறம் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். இதற்கு முடிவே இல்லை.

வலிக்கு மருந்து, நரம்பு வலிக்குத் தனி மருந்து, தேவைப்பட்டால் மனிதர்களுக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்ஸெடினைக் கறிக்குள் வைத்துக் கொடுப்பதும் உண்டு. அது வேலை செய்ய வாரங்கள் ஆகும். இன்னொரு நல்ல வழி பழக்கப்படுத்துவது. கறித்துண்டு காட்டிக் காட்டி, கம்பிக்கு வெளியே வாலை நீட்டிப் பக்கவாட்டில் படுக்கச் சொல்லிக்கொடுத்தால் மயக்கமே இல்லாமல் வாலிலிருந்து ரத்தம் எடுக்கலாம், மருந்து பூசலாம். அந்தப் பத்து நிமிடப் பாடமே மிருகத்துக்கு நாளின் முக்கியமான வேலையாகிவிடும்.

பெரிய கூண்டு கட்டினால் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். 1907-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே கார்ல் ஹாகன்பெக் கம்பியை எடுத்துவிட்டு அகழி வெட்டி மிருகங்களை வைத்தார். பார்ப்பவர்களுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சி. மிருகத்துக்கு? ஒளிய இடமில்லாத அரை ஏக்கரை விட, மறைவும் மேடும் உள்ள கால் ஏக்கர் நல்லது என்பது என் அபிப்பிராயம். செயற்கைப் பாறையில் காட்டுப் படம் வரைவதற்குச் செலவழிக்கும் பணத்தில் பத்து மரக்கட்டை போடலாம்.

வடகிழக்கு இந்தியக் காடுகளில் மரத்தில் வாழும் படைச்சிறுத்தையைப் பற்றி 2002-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பல மிருகக்காட்சிசாலைகளில் சாணத்தைச் சேகரித்து அதில் அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்று அளந்தார்கள். மயிரைப் பிடுங்குவது, வாலை மெல்லுவது என்று தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட சிறுத்தைகளுக்கு அளவு அதிகம். பொதுமக்கள் பார்வையில் இருந்தவற்றுக்கு அதிகம். பக்கத்துக் கூண்டில் சிங்கம், புலி மாதிரி பெரிய மிருகம் இருந்தாலும் அதிகம். உயரமான கூண்டு இருந்தவற்றுக்குக் குறைவு. காப்பாளர் கூடுதல் நேரம் செலவழித்தவற்றுக்கும் குறைவு. பரப்பைக் கூட்ட இடமில்லாத ஊரில்கூட உயரத்தைக் கூட்டலாம், தட்டி கட்டி மறைக்கலாம், கூண்டை மாற்றிப் போடலாம். இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை.

மற்றபடி காப்பாளர்கள் செய்வதெல்லாம் எளிய வேலைகள்தான். கறியைத் தட்டில் போடாமல் கட்டைக்குள் ஒளித்து வைப்பது, முழு எலும்போடு கொடுப்பது, சாப்பாட்டு நேரத்தை மாற்றி மாற்றி வைப்பது, புலிக்கு இறங்கிக் குளிக்கத் தொட்டி, சித்திரை வெயிலில் ரத்தம் கலந்த ஐஸ்கட்டி, பக்கத்துக் கூண்டு மானின் படுக்கை வைக்கோல். இதை என்ரிச்மென்ட் என்பார்கள். வாசனை என்றால் பெரும்பூனைகளுக்கு உயிர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் சென்ட் பாட்டில்களை வரிசையாகச் சோதித்துப் பார்த்ததில் கால்வின் கிளைன் கம்பெனியின் அப்செஷன்தான் ஜெயித்தது. 2018-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு பெண் புலியைப் பிடிக்க வனத்துறையும் அதே சென்ட்டைப் பயன்படுத்திப் பார்த்தது. நான் பட்டை, சீரகம் தூவிப் பார்த்திருக்கிறேன், சிங்கங்கள் புரண்டு புரண்டு படுத்தன. மதுரை மல்லியை வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

சின்ன வயதில் மதுரைக்கு வந்த சர்க்கஸில் சிங்கம் இருந்தது. இப்போது ஏன் இல்லை?

சட்டம் வந்துவிட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் என்ற ஐந்தையும் பழக்கி வேடிக்கை காட்டக்கூடாது என்று 1998-ல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2001-ல் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. அதன்பின் மிருகங்களை வண்டலூர் போன்ற இடங்களின் மீட்பு மையங்களுக்கு மாற்றினார்கள்.

அந்தப் பட்டியல் உங்களுக்கு வேறு விதத்தில் தெரியும். 2011-ல் அதே பட்டியலில்தான் காளையையும் சேர்த்தார்கள், அதை வைத்துத்தான் 2014-ல் ஜல்லிக்கட்டு நின்றது. 2017 தை மாதத்தில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் உட்கார்ந்தவர்களில் பலருக்கு அது முதலில் சர்க்கஸ் சிங்கத்துக்காகப் போட்ட பட்டியல் என்பது தெரியாது. காளை அதில் சேர்ந்தது சரியா தப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் அலங்காநல்லூர்ப் பக்கம்தான் மாடு பார்க்கப் போகிறேன். ஆனால் சிங்கம் அதில் இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மீட்டுக் கொண்டுவந்த சிங்கம் பழைய பழக்கத்தை விடுமா?

சிலது விடும், சிலது விடாது. எங்களிடம் வந்த ஒரு கிழட்டுப் பெண் சிங்கத்தைத் திறந்தவெளியில் விட்டபோது முதல் நாள் கதவைத் தாண்டவே இல்லை. அதற்கு மண்ணில் கால் வைத்துப் பழக்கமில்லை. நான்காம் நாள் வெளியே வந்தது. மரமும் புதரும் இருக்கும் அவ்வளவு இடத்தில் ஒரு மூலையில் நின்றுகொண்டு ஐந்தாறு எட்டு நடந்து திரும்பியது, மறுபடி ஐந்தாறு எட்டு. எங்கள் காப்பாளர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "வண்டி நீளத்தை அளக்குதும்மா" என்றார். சர்க்கஸ் வண்டிக் கூண்டின் நீளம்.

ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு நடை குறைந்தது. வேப்பமரத்தடியில் படுக்க ஆரம்பித்தது. ஆனால் மழை இடி வந்தாலோ, லாரி சத்தம் கேட்டாலோ அதே மூலை, அதே ஐந்தாறு எட்டு.

இந்த மையங்களில் குட்டி போட விடுவதில்லை. சர்க்கஸ் சிங்கங்களில் நிறைய ஆப்பிரிக்க, ஆசியக் கலப்பு. அதனால் கருத்தடை செய்து இருக்கிறவரைக்கும் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

வெள்ளைப்புலி மாறுகண் போட்டுப் பார்க்கிறதே?

அது நடத்தைக் கோளாறு அல்ல, பிறவி. வெள்ளை நிறத்தோடு கண் நரம்பு மூளைக்குப் போகும் பாதையும் மாறிவிடுகிறது. 1951-ல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே ஆண் புலியின் வம்சத்தைத் திரும்பத் திரும்ப உறவுக்குள்ளேயே சேர்த்து உண்டாக்கியவைதான் இன்று மிருகக்காட்சிசாலைகளில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் ஏறக்குறைய எல்லாம்.

எங்கள் ஊர்ப்பக்கம் கூண்டு வைத்துச் சிறுத்தை பிடித்தால் அதன் முகமெல்லாம் ரத்தம். யார் அடித்தது?

பெரும்பாலும் யாரும் அடித்திருக்க மாட்டார்கள். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் நம் மாவட்டத்தின் சாப்டூர் வரை வருகிறது. மலையடிவாரத் தோப்பில் ஆட்டைத் தேடி இறங்கும் சிறுத்தை கூண்டில் மாட்டினால் செய்கிற முதல் வேலை, வெளிச்சம் தெரிகிற பக்கம் தலையால் மோதுவது. நெற்றித் தோல் கிழியும், நகம் பெயரும், கம்பியைக் கடித்துக் கோரைப்பல் உடையும். கோரைப்பல் இல்லாத சிறுத்தையைத் திரும்பக் காட்டில் விடுவது கஷ்டம். மிச்ச வாழ்க்கை கூண்டில்தான், அங்கே போய் உலாத்த ஆரம்பிக்கும். ஓர் இரவில் கிடைத்த காயம் பதினைந்து வருடத்து நடையாகிவிடுகிறது.

அதனால் கூண்டைச் சுற்றிக் கூட்டம் கூடாதீர்கள், செல்போன் லைட் அடிக்காதீர்கள், குச்சியால் குத்தாதீர்கள். கூண்டில் சிறுத்தை விழுந்தது தெரிந்தவுடன் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு எல்லோரும் தள்ளி நில்லுங்கள். அவர்கள் வந்ததும் சாக்கோ தார்ப்பாயோ போட்டுக் கூண்டை மூடுவார்கள். ஆளும் வெளிச்சமும் கண்ணில் படாவிட்டால் முட்டுவது பெரும்பாலும் அடங்கும். நீங்கள் தார்ப்பாய் கொண்டுவந்து கொடுத்தால் போதும், கிட்டப் போக வேண்டாம்.

மிருகக்காட்சிசாலையில் நாங்கள் என்ன செய்யலாம்?

கம்பியைத் தட்டாதீர்கள், கத்தாதீர்கள், எதையும் எறியாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவில் இதெல்லாம் குற்றம். புலி மறைவில் படுத்திருந்து கண்ணில் படவில்லை என்றால், காசு வீண் என்று டிக்கெட் கவுன்டரில் சண்டை போடாதீர்கள். நீங்கள் போடும் சண்டையால்தான் அடுத்த மாதம் அந்தப் புதரை வெட்டுவார்கள்.

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்களே, நான் பார்த்தபோது தின்றது. நோயா?

இல்லை. காட்டுப் புலியும் அவ்வப்போது புல் தின்னும், அதன் எச்சத்தில் புல் கிடக்கும். பழமொழி மானஸ்தர்களைப் பற்றியது. கவலைப்பட வேண்டியது புல்லைப் பார்த்தல்ல. கல், ரப்பர், தன் மயிர் என்று விழுங்கினால் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுப் பூனை வாலைத் துரத்திக் கடிக்கிறது. அதற்கும் இதுதானா?

குட்டியாக இருந்தால் விளையாட்டு. வளர்ந்த பூனை, முதுகுத்தோல் அலை அலையாகத் துடிக்க, திடீரென்று மிரண்டு ஓடி வாலைக் கடித்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன்னால் சொன்ன அதே வரிசையில்தான் பார்ப்பேன்: தெள்ளுப்பூச்சி, சுரப்பி, முதுகெலும்பு, அப்புறம்தான் மற்றது. என் மேஜையில் எல்லாப் பூனையும் சாது வேஷம் போடும் என்பதால் வீட்டிலேயே செல்போனில் வீடியோ எடுத்து வாருங்கள். டூவீலரில் மடியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். கூடையில் போட்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி எடுத்து வாருங்கள், வழியில் முட்டிக்கொள்ளாது.